இரவல் தவறு

எங்கள் நாட்டில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மேசையில் இருக்கிற மற்றவர்கள் தங்கள் தட்டில் கிடக்கும் உருளைக்கிழங்கைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மேற்குக் கடற்கரையில், எங்கள் ஊர் லெம்விக் பக்கம், இன்னும் மோசம். விளைச்சல் அமோகமாக இருந்தால் என் அப்பா "அவ்வளவு மோசமில்ல" என்பார். கல்யாணத்தன்று அம்மாவைப் பார்த்தும் அதையேதான் சொன்னாராம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண்ணை உட்காரவைத்து, "இந்த வேலைக்கு நீ ஏன் பொருத்தமானவள் என்று ஒரு பக்கம் எழுது" என்றால் அவள் என்ன செய்வாள்? நான் இரண்டு வருடமாக அந்த ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் இதே பாடுதான். படிப்பு முடித்து வழக்கறிஞர் ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே வழக்கறிஞராக இருக்கும் ஒருவரிடம் மூன்று வருடம் பயிற்சியில் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சி இடத்தை யாருக்குக் கொடுப்பார்கள்? படிக்கும்போதே அவர்கள் அலுவலகத்துக்கு வாரம் இரண்டு நாள் வந்து, கோப்பு அடுக்கி, காபி இயந்திரத்தின் கோபதாபங்களைத் தெரிந்துகொண்ட மாணவிக்குத்தான். இப்படி ஒரு மாணவர் வேலை கிடைக்காதவருக்குப் பயிற்சி இடம் குதிரைக் கொம்பு. அவர்கள் நகராட்சியில் கழிவுநீர்க் குழாய்க்கு அனுமதி கொடுக்கப் போவார்கள். அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. என் அக்கா அதைத்தான் செய்கிறாள், நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறாள். ஆனால் எனக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

படிப்பில் எனக்கு ஒரு குழு உண்டு. இங்கே சட்டத்தைத் தனியாகப் படிப்பவர்கள் யாருமில்லை. முதல் வருடம் முதல் வாரத்திலேயே மூன்று நான்கு பேராகச் சேர்ந்துவிடுவார்கள், கடைசித் தேர்வு வரை பிரிய மாட்டார்கள். எங்கள் குழுவில் நான், மாரென், அஸ்கெர். குழுவுக்கு ஒரே சட்டம்: எதையும் ஒளிக்கக் கூடாது. குறிப்புகள், பழைய வினாத்தாள், யார் எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார் என்பது, எல்லாம் பொது. ஒருவர் எழுதிய விண்ணப்பத்தை மற்ற இருவரும் படித்துத் திருத்துவார்கள். எது யார் எழுதியது என்று கடைசியில் எங்களுக்கே தெரியாது.

மாரென் ஓடென்ஸே நகரத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். தேர்வில் இங்கே பன்னிரண்டுதான் உச்ச மதிப்பெண். அவள் பன்னிரண்டைத் தவிர வேறு எண்ணைப் பார்த்ததே இல்லை. ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, என் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டியவள். நான் அந்தத் தேர்வில் தேறியது அவள் குரலால். இப்படிப்பட்டவளுக்கு வேலை கொடுக்க வரிசையில் நிற்பார்கள் என்று நினைப்பீர்கள். மதிப்பெண்ணைப் பார்த்து எல்லோரும் கூப்பிட்டார்கள். நேரில் பார்த்தபின் யாரும் எடுக்கவில்லை. குறையில்லாத ஆளைக் கண்டால் எங்கள் ஊரில் ஒரு பயம்.

அஸ்கெருக்கு வேலை முன்பே கிடைத்துவிட்டது, ஒரு வங்கியில். அவனுக்கு வாய் நீளம். அவன் அந்த இடத்தைப் பிடித்த கதை எங்கள் வகுப்பில் பிரசித்தம். இங்கே வேலை விளம்பரத்தின் அடியில் ஒரு பெயரும் எண்ணும் போட்டு, "கேள்விகள் இருந்தால் அழையுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். யாருக்கும் கேள்வி இருக்காது. ஆனாலும் அழைத்தே தீர வேண்டும். அழைக்காதவருக்கு ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஊரிலுள்ள மாணவர்கள் எல்லாம் புத்திசாலித்தனமான ஒரு கேள்வியை யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அஸ்கெர் வங்கிக்கு போன் போட்டு, "சைக்கிள் நிறுத்துற இடத்துல கூரை இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அன்றைக்கு அவர்களிடம் வந்த கேள்விகளில் உண்மையான கேள்வி அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அக்டோபர் தொடக்கத்தில் போடில் என்கிற பெண் வழக்கறிஞரின் விளம்பரம் வந்தது. துறைமுகத்தை ஒட்டிய தெருவில் நாலு வழக்கறிஞர்கள் மட்டும் இருக்கும் சின்ன அலுவலகம். ஆனால் எல்லா வழக்கும் நீதிமன்றத்தில் நடப்பவை. நிலத் தகராறு, வாடகை, வாரிசுச் சண்டை. ஒரே ஒரு மாணவரை எடுப்பார்கள், நன்றாக இருந்தால் அவரையே பயிற்சிக்கும் வைத்துக்கொள்வார்கள். படித்து முடிக்க எங்களுக்கு ஒரு வருடம்கூட இல்லை. இதை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை என்பது தெரிந்தே இருந்தது. மாரெனுக்கும் தெரியும். இருவரும் விண்ணப்பித்தோம், ஒருவருடையதை ஒருவர் திருத்திக் கொடுத்தோம்.

நானும் போன் போட்டேன். "போடில்," என்றது மறுமுனை, வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல்.

"மாணவர் கோர்ட்டுக்கும் வருவாங்களா, இல்ல ஆபீஸ்லயேதான் இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"பின்ன, ஆவணக் கட்டை யார் தூக்குறது, நானா? என் முதுகுக்கு அறுபத்திரெண்டு வயசும்மா," என்றார். எனக்கு அந்த நிமிடமே அந்த வேலை வேண்டியிருந்தது. மூன்று நாள் யோசித்துத் தயாரித்த கேள்வி அது, ஆனால் பதிலைக் கேட்டதும்தான் அது நிஜமாகவே என் கேள்வி ஆனது.

எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை, மாரெனுக்கு ஒன்பது மணி, எனக்குப் பதினொன்று.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒத்திகை. பல்கலைக்கழகத்தில் மஞ்சள் செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கண்ணாடிக் கதவுள்ள அறை எங்களுக்கு வாய்த்திருந்தது. அஸ்கெர்தான் முதலாளி. பேனாவைச் சுருட்டு மாதிரி வாயில் வைத்துக்கொண்டு, காலை மேசைமேல் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பான்.

"சரி, மாரென் அவர்களே. நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க. அதுலேருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்பார்கள். பெருமையை நேராகக் கேட்பது எங்களுக்குக் கூச்சம் என்பதால், குறையைக் கேட்டு அதன் வழியாக ஆளை எடைபோடுவார்கள். மாரென் தடுமாறுகிற இடம் இதுதான்.

"வந்து... ஒரு தடவை லைப்ரரி புக்கை ஒரு நாள் லேட்டா திருப்பிக் குடுத்தேன்."

"அடப்பாவி! போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"விளையாடாதடா. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"தோணலயா, பண்ணலயா?"

"ரெண்டும்தான்," என்றாள் மாரென், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "தப்புப் பண்ணாம இருந்தது ஒரு தப்பா? நான் என்னதான்டா செய்யறது?"

"போற வழியில யார் சைக்கிளையாவது திருடிட்டுப் போ. ஃப்ரெஷ்ஷா ஒண்ணு இருக்கும்."

என்னிடம் தவறுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்வதற்கு வைத்திருந்தது ஹெர்லூப் என்கிற பெரியவரின் கதை. மாணவர்கள் நடத்தும் இலவசச் சட்ட உதவி மையத்தில் நானும் மாரெனும் செவ்வாய்க்கிழமை மாலைகளில் உட்காருவோம். ஒரு செவ்வாய் அவர் என் மேசைக்கு வந்தார். பக்கத்து வீட்டு வீகோவின் செடிவேலி ஆளுயரத்துக்குமேல் வளர்ந்துவிட்டது, தன் சமையலறைக்கு வெளிச்சமே வருவதில்லை என்றார். செடிவேலித் தகராறு என்றால் எங்கள் நாட்டுச் சட்ட மாணவர்களுக்கு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்த மாதிரி. நான் சட்டப் பிரிவுகளை அடுக்கி, கெடு வைத்து, வீகோவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதைவிடக் காரசாரமான கடிதத்தை நான் இன்றுவரை எழுதியதில்லை. வேலி ஒரே வாரத்தில் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அடுத்த மாதம் ஹெர்லூப் திரும்ப வந்தார். இருவரும் முப்பது வருடமாகத் தினமும் காலையில் ஒன்றாகக் காபி குடித்தவர்களாம். கடிதம் போன நாளிலிருந்து வீகோ வருவதில்லை. ஹெர்லூப்புக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. சட்டம் என்ன தரும் என்று மட்டும் பார்த்தேன். அதுதான் என் தவறு.

ஒத்திகையில் நான் இதைச் சொல்லி முடித்ததும் மாரென் பென்சிலால் மேசையைத் தட்டினாள்.

"கதை நல்லாருக்கு. முடிவு சப்புன்னு இருக்கு. அவர் கடைசியா ஒரு வார்த்தை சொல்லணும்டி."

"அவர் ஒண்ணும் பெருசா சொல்லலயே."

"இப்படிச் சொன்னார்னு வெச்சுக்கோ: 'வேலி இறங்கிடுச்சும்மா. இப்ப அவன் தனியா காபி குடிக்கிறது என் ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியுது.'"

அஸ்கெர் வாயிலிருந்து பேனாவை எடுத்தான். "யம்மா. எனக்கே தொண்டை அடைக்குது."

எனக்கும் பிடித்துவிட்டது. அடுத்த ஒத்திகையில் அந்த வரியைச் சேர்த்துச் சொன்னேன். அதற்கடுத்த ஒத்திகையில் ஹெர்லூப் அதைச் சொன்ன குரலே என் காதில் கேட்டது.

வியாழக்கிழமை மழை. சைக்கிளில் போனேன். இங்கே நேரம் தவறிப் போவது எவ்வளவு தப்போ, சீக்கிரம் போய் நிற்பதும் கிட்டத்தட்ட அவ்வளவு தப்பு. அதனால் கட்டடத்தை நனைந்துகொண்டே மூன்று சுற்றுச் சுற்றினேன். மாடிப்படியில் ஒற்றைக் காலில் குதித்து மழைக்கால்சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு உள்ளே போனேன்.

போடில் குட்டையான நரைத்த தலைமுடியும், கம்பளிச் சட்டையும், கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக இருந்தார். பக்கத்தில் ட்ரோல்ஸ் என்கிற இளம் வழக்கறிஞர், மடிக்கணினியோடு. போடில்தான் காபியை ஊற்றினார், இலவங்கப்பட்டை பன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"வெளிய மழையா?" என்றார்.

"கொஞ்சம்," என்றேன். என் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் சிரித்தார். "லெம்விக்கா நீ?"

"எப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத்தான் இது 'கொஞ்சம்'."

நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சூடு பரவியது, இவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று. அப்போது ட்ரோல்ஸ் கேட்டார்: "சரி, நீ பண்ணின தப்பு ஒண்ணு சொல்லு. அதுலேருந்து என்ன கத்துக்கிட்ட?"

சொன்னேன். நிறுத்தி நிதானமாக, ஒரு வாரமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கதையைச் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினேன்கூட. "வேலி இறங்கிடுச்சும்மா. இப்ப அவன் தனியா காபி குடிக்கிறது என் ஜன்னல்லேருந்து நல்லாத் தெரியுது."

ட்ரோல்ஸ் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். போடிலைப் பார்த்தார். போடில் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"பாவம் இந்த ஹெர்லூப்," என்றார். "இன்னிக்கு ரெண்டாவது தடவையா இங்க வர்றாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கொதித்தது. காலை ஒன்பது மணிக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மாரென்.

"ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தப்பு நடக்கலாம்," என்றார் போடில். கோபமாகச் சொல்லவில்லை, வானிலை பேசுகிற மாதிரி சொன்னார். "ஆனா ஒரே பெரியவரோட, ஒரே வேலியில நடக்காது. சரி, அதுகூட இருக்கட்டும். எனக்கு உறுத்துறது அந்தக் கடைசி வரிதான். ஒரு எழுத்து மாறாம ரெண்டு பேரும் சொன்னீங்க. முப்பது வருஷமா சாட்சிங்களை விசாரிக்கிறேன். ரெண்டு சாட்சி ஒரே வாக்கியத்தைச் சொன்னா, முன்னாடியே யாரோ அவங்களை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

முழுவதும் என்னுடையது என்று சொன்னால், மாரென் திருடி என்று ஆகும். மாரெனுடையது என்று விட்டுக்கொடுத்தால், நான் திருடி. இரண்டு வருடமாகத் தேடிய கதவும் மூடிவிடும். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இங்கே மறைப்பானேன்? அந்த மேசையில் இருந்த பன்னை எடுத்து அவள் முகத்தில் அடித்திருப்பேன். ஆனால் கேள்வி கடைசி வரியைப் பற்றியது. கடைசி வரி யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மாரெனும் நானும் ஒரே குழு," என்றேன். "சேர்ந்துதான் பிராக்டீஸ் பண்ணோம். ஹெர்லூப் என் மேஜைக்கு வந்தவர். லெட்டர் எழுதினது நான்தான், தப்பும் என்னோடதுதான். ஆனா அந்தக் கடைசி வரி அவளோடது. அவதான் யோசிச்சுக் குடுத்தா. ஹெர்லூப் அப்படி எதுவும் சொல்லல."

"நிஜமா என்ன சொன்னாரு?"

"'ம், சரி'ன்னார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டார். கதவைச் சத்தமில்லாம சாத்திட்டுப் போயிட்டார்."

"அவ்வளவுதானா?" என்றார் ட்ரோல்ஸ், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அவ்வளவுதான்."

"இந்த முடிவு அவ்வளவு நல்லா இல்லையே."

"இல்லைதான்," என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று அப்போதே தெரிந்தது. கதையின் சாரமே அந்த ஒரு வரிதான். அதைப் பிடுங்கி அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் சக்கையை என்னுடையது என்று நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போடில் எழுந்து கை கொடுத்தார். "நாலு மணிக்குள்ள போன் பண்றேன். வேலை இல்லைன்னாலும் நானே போன் பண்ணித்தான் சொல்லுவேன்."

திரும்பி வந்தபோது மாரெனும் அஸ்கெரும் எங்கள் அறையில் இருந்தார்கள். மேசையில் வாரிசுரிமைச் சட்டப் புத்தகம் விரிந்து கிடந்தது.

"எப்படிப் போச்சு?" என்றாள் மாரென். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுமார்தான்."

"லெம்விக் பாஷையில சுமார்னா பிரமாதம்னு அர்த்தம்," என்றான் அஸ்கெர். யாரும் சிரிக்கவில்லை. அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க? அங்க ஒரே இடம்தான் காலின்னு முன்னாடியே தெரியும்ல. யாருக்குக் கிடைச்சாலும் பார்ட்டி எனக்குத்தான்." ஒரு மணிக்கு அவன் வங்கிக்குக் கிளம்பிவிட்டான்.

நாங்கள் இருவரும் படித்தோம். அவள் வாசிப்பாள், நான் குறிப்பெடுப்பேன், எப்போதும் அப்படித்தான். மதியம் தன் டப்பாவைத் திறந்தாள். ஈரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டி. நான் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஒரு துண்டை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு இருந்த எரிச்சலில் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பசி, தின்றுவிட்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். 'நான் உன் கதையைச் சொல்லிட்டேன்டி, என் மூளை நின்னு போச்சு, வேற எதுவும் வாயில வரல' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நான் கத்துவேன், அவள் அழுவாள், முடிந்துவிடும்.

இரண்டரை மணிக்கு அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சிசெல், உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

அவள் போன் ஒலித்தது. திரையைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அதிகம் பேசவில்லை. பேசி முடித்தபின்னும் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அம்மா," என்றாள் உள்ளே வந்து. விட்ட வாக்கியத்தை அவள் தொடரவில்லை. புத்தகத்தை இழுத்துக்கொண்டு அடுத்த பகுதியை வாசிக்க ஆரம்பித்தாள்.

மூன்றரை மணிக்கு என் போன் ஒலித்தது. நானும் அதே ஜன்னலருகே போய் நின்றேன். கீழே பூங்காவில் மழையில் வாத்துகள் புல்லின்மேல் நடந்துகொண்டிருந்தன.

"போடில்," என்றது குரல். "ஒண்ணாம் தேதி வந்துடுறியா?"

"வர்றேன்," என்றேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதை நான் உன்கிட்ட சொல்லணும்னு கட்டாயமில்ல, ஆனா கதை உன்னோடதுங்கறதால சொல்றேன். அந்தப் பொண்ணுக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்கணும்னு ஒரு மணி நேரம் முன்னாடி போன் பண்ணேன். உன் பேரைச் சொல்லல. 'நீ சொன்ன கதையில எது உன்னோடது, எது இல்ல?'ன்னு மட்டும் கேட்டேன். எல்லாமே என்னோடதுன்னா. அந்தக் கடைசி வரியும் அந்தப் பெரியவர் சொன்னதேதான்னு அடிச்சுச் சொன்னா."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டு பேர் ஒரே பொருளுக்கு உரிமை கொண்டாடுறாங்க. ஒருத்தர் முழுசும் எனக்குங்கறார். இன்னொருத்தர் இதுல இந்தத் துண்டு அவளோடதுன்னு எடுத்துக் குடுக்கறார், அதுவும் இருக்கறதுலயே நல்ல துண்டை. கோர்ட்ல நான் எப்பவும் ரெண்டாவது ஆளைத்தான் நம்பியிருக்கேன். வேற ஒருத்தரை எடுக்கறேன்னு அவகிட்ட அப்பவே சொல்லிட்டேன். நல்ல ஷூ போட்டுட்டு வா, கட்டு கனமா இருக்கும்."

போனை வைத்தபின் நான் உடனே உள்ளே போகவில்லை. இரண்டு வருடம் வேண்டிக்கிடந்த செய்தி கையில் இருக்கிறது. குதிக்க வேண்டும் போல இருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் இதே இடத்தில் நின்று அவள் இரண்டாவது முறையாக என் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். நேர்காணலில் பதற்றத்தில் எடுத்தது வேறு. இது யோசித்து எடுத்தது. எடுத்தும் இடம் போய்விட்டது என்று தெரிந்தபின், உள்ளே வந்து "அம்மா" என்று சொல்லிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் குரல் நடுங்காமல் வாசித்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. அதே மூச்சில், என் கட்டிலருகே நாற்காலியைப் போட்டவளும் இவள்தானே என்று மனம் இளகியது. இரண்டில் எதுவும் மற்றதைத் தள்ளிவிட்டுப் போகவில்லை.

உள்ளே போனேன்.

"போடிலா?" என்றாள்.

"ஆமா."

"கிடைச்சிடுச்சா?"

"ம்."

அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷம்டி," என்றாள். பொய்யாகச் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கைகள் மட்டும் சில்லென்றிருந்தன. விலகி நின்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

உண்மையைச் சொன்னதற்காக எனக்கு வேலை கிடைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இல்லையே," என்றேன். "உன் பேச்சே வரல."

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மாரென் என்னையே பார்த்தாள். போடில் அவளிடம் பேசியிருக்கிறார். வேறொருத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள் என்பதைப் புரிந்துகொள்ள முடியாத முட்டாள் அல்ல அவள். அவள் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல ஏறி, காது வரைக்கும் போயிற்று. நான் பார்வையைத் திருப்பவில்லை, அவளும் திருப்பவில்லை.

பிறகு அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். புத்தகத்தைப் புரட்டி, விட்ட பக்கத்தைத் தேடினாள். கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"உனக்குப் பொய் சொல்லவே வராதுடி, சிசெல்," என்றாள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்," என்றேன். பேனாவை எடுத்தேன். "நீ படி."

அவள் படித்தாள். முதல் இரண்டு வரி எனக்கு ஒழுங்காகக் கேட்கவில்லை. திரும்பப் படிக்கச் சொல்லாமல், அவள் குரல் தேறட்டும் என்று காத்திருந்தேன்.